தண்ணீர் கட்டிய தரை

காயவிட வேண்டிய தரைக்கு நான் தண்ணீர் கட்டினேன். கைதவறிச் சிந்தியிருந்தால் யாரும் மன்னித்திருப்பார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. பின்வளவில் கிடந்த ரப்பர்க் குழாயைப் பேஸ்மென்ற் ஜன்னலால் உள்ளே இழுத்து, மண்ணைக் குழைத்து வரம்பு கட்டி, தரையைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நிரப்பிவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்று அழகு பார்த்தேன். வெள்ளம் வந்து வீடு கெட்டவர்கள் உலகத்தில் நிறையப் பேர். சம்பளத்தோடு லீவு எடுத்துக்கொண்டு வெள்ளத்தைத் தானே கூட்டி வந்தவன், எனக்குத் தெரிய, நான் ஒருவன்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இந்தக் குளிர் நாட்டின் மல்வேர்ன் என்ற புறநகரில், இரண்டு பக்கமும் அயல்வீட்டுச் சுவர்கள் தாங்கிப் பிடிக்கும் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். நான் நகர மத்தியில் ஒரு கார்த் தரிப்பிடத்தின் கண்ணாடிக் கூட்டுக்குள் உட்கார்ந்து ரிக்கற் கொடுக்கும் வேலையில் இருந்தேன். கார் வராத நேரமெல்லாம் புத்தகம் வாசிக்கலாம். கார் வந்த நேரமும் வாசித்தேன் என்று சிலர் முறைப்பாடு செய்திருக்கிறார்கள். அந்தக் கூட்டுக்குள் நான் வாசித்துச் சேர்த்த அறிவுக்கு அளவே இல்லை. பேஸ்மென்ற் தரையைப் பற்றி மட்டும் அதில் ஒன்றும் இருக்கவில்லை.

மனைவி கிழமை நாட்களில் ஒரு கந்தோரில் மற்றவர்களுடைய இலக்கங்களைக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தார். சனி ஞாயிறுகளில் எங்கள் பேஸ்மென்றில் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுத்தார். கந்தோரில் அவருடைய பெயரை ஒருவராலும் சரியாகச் சொல்ல முடியாததால் அதில் பாதியை வெட்டி எறிந்திருந்தார்கள். பேஸ்மென்றுக்குள் இறங்கினால் அவர் முழுதாக 'ரீச்சர்'. வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலையால் வந்து, கையைக் காலைக் கழுவிக்கொண்டு, சுருதிப் பெட்டியின் தூசியைத் துடைக்கும்போது அவருடைய முகம் மாறுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அந்த வகுப்பு அவருக்கு என்ன என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

சங்கீதம் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து படிக்கும் விசயம். மல்வேர்ன் பேஸ்மென்றின் நிலமோ மாசி மாதத்தில் ஐஸ் பெட்டியின் அடித்தட்டு மாதிரி. பாய் விரித்து, பாய்க்கு மேல் போர்வை விரித்து, அதற்கு மேல் பிள்ளைகளை விரித்தாலும் குளிர் முதுகெலும்பு வரைக்கும் ஏறியது. முதல் வருடக் குளிர்காலத்தில் தாய்மார் ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்தார்கள்.

"ரீச்சர், குறை நினையாதேங்கோ. மகளுக்குத் தடிமன் மாறுதே இல்லை. பாட்டுப் படிச்சு வாற மாதிரி இல்லை, இருமிக்கொண்டு வாறாள்."

பக்கத்து ஊரான மார்க்கத்தில், தனி வீடொன்றில், இன்னொரு சங்கீத ரீச்சர் இருந்தார். அவருடைய பேஸ்மென்றில் கணுக்கால் புதையும் கம்பளம் என்று பேச்சு. பங்குனி வருவதற்குள் எங்கள் பிள்ளைகளில் சிலர் அந்தக் கம்பளத்துக்குப் போய்விட்டார்கள். மனைவி மீதிப் பிள்ளைகளை நெருக்கி இருத்தினார், இடைவெளி தெரியாமல்.

வழி சொன்னவர் ஒரு பிள்ளையின் தகப்பன். எலெக்ட்ரிஷன். இடுப்பில் பேஜர், வாயில் எப்போதும் ஒரு பகிடி. ஒரு சனிக்கிழமை மகளை ஏற்ற வந்தவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு தரையில் நின்று பார்த்தார்.

"அண்ணை, உதிலை பிள்ளையள் இருந்து 'ச' பிடிக்குதுகள் எண்டால் அதுகளுக்கு மெடல் குடுக்க வேணும். நிலத்துக்குச் சூடு போடுவம்."

"நிலத்துக்கு எப்பிடித் தம்பி சூடு போடுறது?"

"வயர் பின்னின பாய் ஒண்டு இருக்கு. நிலத்திலை விரிச்சு, மேலை ரைல்ஸ் ஒட்டினால் சரி. சுவிச்சைப் போட்டால் பூனை எழும்பாது."

ஆனால் பழைய தரை ஒரு பக்கம் சரிவு. அதன் மேல் முதலில் ஒரு மட்டக் கலவை ஊற்ற வேண்டும். கலவை நன்றாகக் காய வேண்டும். காய்ந்த பிறகு மேலே படிந்திருக்கும் ஏட்டை அரத்தாளால் உரைஞ்சி, தூசியை உறிஞ்சி எடுத்து, பிடிப்புக்கு ஒரு பூச்சுப் பூசினால் அவர் வந்து வயர்ப் பாயை விரிப்பார். விஜயதசமிக்கு முன்னம் எல்லாம் முடியும் என்றார். மனைவிக்கு அந்த நாள்தான் கணக்கு. புதுப் பிள்ளைகள் தட்சணைத் தட்டோடு வரும் நாள் அது. பழைய பிள்ளைகள் தொடர்வதா விடுவதா என்று தாய்மார் தீர்மானிக்கும் நாளும் அதுதான். அவர் ஒவ்வொரு தாய்க்கும் தொலைபேசி எடுத்தார்.

"இந்த முறை நிலம் சுடச்சுட இருக்கும். விஜயதசமிக்கு வந்து பாருங்கோ."

மார்க்கத்துக்குப் போன பிள்ளைகளின் தாய்மாருக்கும் எடுத்தார் என்று பிறகுதான் அறிந்தேன்.

புரட்டாதித் தொடக்கத்தில் கலவை ஊற்ற ஒரு போர்த்துக்கேயர் வந்தார். தடித்த குழாயால் அவர் ஊற்றியது தண்ணியாய் ஓடி, தானே மட்டம் பார்த்து நின்றது. பெரிய தாச்சியில் ஆறவிட்ட கஞ்சி மாதிரி. போகும்போது என்னைக் கூப்பிட்டு, இது சீமெந்து இல்லை, ஜிப்சம், ஈரம் படவே கூடாது, ஜன்னலைத் திறந்து வை, ஈரம் உறிஞ்சும் மெஷினை ஓட விடு என்று விரலை நீட்டி நீட்டிச் சொன்னார். நான் தலையாட்டினேன். 'ஜிப்சம்' என்பது சீமெந்துக்கு அவர்கள் வைத்த இன்னொரு பெயர் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

எலெக்ட்ரிஷன் இன்னும் தெளிவாகச் சொன்னார். "அண்ணை, காயும் வரைக்கும் உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா இருக்கிறதுதான் வேலை."

சும்மா இருப்பதில் எனக்கு நீண்டகால அனுபவம் உண்டு. என் வாழ்க்கையில் அந்தத் திறமை உண்மையாகவே தேவைப்பட்ட ஒரே சந்தர்ப்பத்தில் அது என்னைக் கைவிட்டது.

லீவு போட்டிருந்தேன். மனைவி வேலைக்குப் போன பிறகு கீழே இறங்கி அந்தத் தரையைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், வரண்டு, அநாதையாகக் கிடந்தது. யாழ்ப்பாணத்தில் புதுத் தரையை இப்படி விடுவார்களா? மேசன் தரையை இழுத்துவிட்டுப் போன மறுநாளே மண்ணால் வரம்பு கட்டித் தண்ணீர் நிறுத்துவோம். நாளுக்கு நாள் குறையக் குறைய ஊற்றுவோம். தண்ணீர் குடித்த சீமெந்துதான் இறுகும், குடிக்காதது வெடிக்கும். இது எங்கள் ஊரில் பால்குடி மறந்த எல்லோருக்கும் தெரிந்த விசயம். இந்த நாட்டில் ஒருவருக்கும் பொறுமை இல்லை, ஊற்றிவிட்டு ஓடுகிறார்கள் என்று நினைத்தேன். போர்த்துக்கேயர் எங்கள் இராச்சியத்தைப் பிடித்துக் கோட்டை கட்டியபோதும் இப்படித்தான் காயவிட்டிருப்பார்கள், அதனால்தான் பிறகு ஒல்லாந்தர் வந்து திருத்திக் கட்ட வேண்டியிருந்தது என்று சரித்திர ஆதாரம்கூடக் கண்டுபிடித்தேன். அந்த ஆதாரத்தைக் கண்டுபிடித்த சந்தோசத்தில்தான் குழாயை இழுக்கப் போனேன் என்று நினைக்கிறேன்.

பின்வளவு மண் நல்ல களி. வாளியில் அள்ளி, குழைத்து, முட்டிபோட்டு நின்று வரம்பு கட்டினேன். ஒரு வெங்காயத் தோட்டக்காரனும் குறை சொல்ல முடியாத பாத்திகள். தண்ணீர் நிறைந்தபோது மேலே தொங்கிய குண்டு பல்ப் ஒவ்வொரு பாத்திக்குள்ளும் ஒவ்வொன்றாக மிதந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு எனக்குத் தெரிந்த ஒரு வேலையைச் செய்திருந்தேன். அந்த நிறைவை நான் இப்போதும் மறக்கவில்லை. வெட்கமே அதில்தான்.

மனைவியிடம் சொல்லவில்லை. அவர் தடுப்பார் என்று தெரியும்.

"கீழை போகாதையும். காத்து மாறினால் தரை வெடிச்சுப் போம். நான் பாக்கிறன்," என்றேன்.

அவர் நம்பினார். அன்று பின்னேரம் குசினியில் நின்று யாரோ ஒரு தாயோடு தொலைபேசியில் கதைத்தது எனக்குக் கேட்டது. "ஓம், இவர்தான் லீவு போட்டு நிண்டு எல்லாம் பாக்கிறார். இவர் இப்பிடி ஒரு வேலையிலை நிண்டு நான் கண்டதில்லை."

அந்தக் குரலில் இருந்த பெருமையை நான் தேத்தண்ணியோடு சேர்த்துக் குடித்தேன். பாத்திகளில் தண்ணீர் குறைந்திருக்குமே என்று கவலைப்பட்டு இறங்கிப் போய் நிரப்பினேன்.

தண்ணீரை வெளியே இறைத்த அன்றுதான் விளங்கியது. வரம்பைக் கிளப்பும்போது பெருவிரல் தரையில் அழுந்தியது. விரலை எடுத்தேன். ரேகை உட்பட அச்சாக இருந்தது. ஊறவைத்த உளுந்தை அரைத்து வழித்த மாதிரி ஒரு மேற்படை, எங்கும். பதறிப்போய் வீட்டில் இருந்த ஆங்கில அகராதியில் 'ஜிப்சம்' பார்த்தேன். கை முறிந்தால் ஆஸ்பத்திரியில் போடும் வெள்ளைக் கட்டு இருக்கிறதே, அதே சாமான். மாவுக்கட்டுப் போட்டவனுக்கு முதலில் சொல்லும் புத்தி, நனைக்காதே என்பது. நான் நனைக்கவில்லை. பயிர் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு செய்தவை இன்னும் கேவலம். காற்றாடிகளை இறக்கினேன். மின்சூட்டுப் பெட்டியை இறக்கினேன். மனைவி தலை உலர்த்தும் கருவியைக் கொண்டுபோய் முழங்காலில் நின்று அங்குலம் அங்குலமாக ஊதினேன். நாட்கள் போக மேலே வெளுத்தது. பார்த்தால் காய்ந்த தரை மாதிரியே இருந்தது. நானும் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன். அரத்தாளை ஒரு மூலையில் வைத்துப் பார்த்தபோது ஏடு மட்டும் வரவில்லை, தரையே மாவாக வந்தது. அரத்தாளை மடித்து வைத்துவிட்டேன்.

விஜயதசமிக்குக் கிட்ட ஒரு பின்னேரம் எலெக்ட்ரிஷன் வந்தார். முதல் வேலையாக ஒரு பிளாஸ்ரிக் தாளைத் தரையில் விரித்து நாலு பக்கமும் ரேப்பால் ஒட்டினார். ஈரம் இருந்தால் அடியில் வேர்க்கும் என்றார். மறுநாள் வந்தபோது அடியில் வேர்த்து ஓடியது. ஆணியால் கீறினார். ஆணி புதைந்தது. பகிடிக்காரர் பகிடி விடவில்லை.

"என்ன அண்ணை, பாத்தி மாதிரிக் கோடு கோடாய்க் கிடக்கு?"

"ஊத்தினவன் ஏதோ அடையாளம் போட்டவன் போலை," என்றேன்.

"பைப் ஏதும் லீக்கோ?"

அவர் கேட்டார். நான் கேட்கச் சொல்லவில்லை. உலகத்தில் இவ்வளவு நேர்த்தியான ஒரு பொய்யை யாரும் யாருக்கும் தட்டில் வைத்து நீட்டியதில்லை.

"இருக்கலாம்," என்றேன். "இருக்கும்."

மனைவி படியில் நின்றுகொண்டிருந்தார். வேலையால் வந்த உடுப்போடு. "எந்தப் பைப்?" என்று கேட்டார். நான் குனிந்து ரேப்பின் நுனியை அழுத்தி ஒட்டினேன்.

எலெக்ட்ரிஷன்தான் சொன்னார். "ரீச்சர், லீக்கைக் கண்டுபிடிக்காமல் நான் வயர் விரிக்க மாட்டன். பிள்ளையள் இருக்கிற இடம். கரண்ட் விசயம்."

அன்று இரவு முழுவதும் மனைவி தொலைபேசியில் நின்றார். ஒவ்வொரு தாய்க்கும் ஒரே வசனம். "பைப் உடைஞ்சு போச்சு, எனக்கு மனம் சரியில்லை, விஜயதசமியை மேலை ஹோலிலை வைப்பம், தயவுசெய்து வாங்கோ." அந்தத் 'தயவுசெய்து' எனக்குக் குசினியிலும் கேட்டது, படியிலும் கேட்டது, கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகும் கேட்டது. மார்க்கத்துத் தாய் ஒருவர் பரவாயில்லை, அங்கேயே தொடருகிறோம் என்று சொல்லிவிட்டார் போலும். "ஓம், ஓம், பிள்ளை எங்கை படிச்சாலும் சந்தோசம்தானே," என்று சொல்லி றிசீவரை மெதுவாக வைத்தார்.

அடுத்த நாள் எலெக்ட்ரிஷன் கைவாளோடு வந்தார். உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் ஒரு சதுரம் கீறினார். வெட்டினார். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள்ளே குழாய். குழாயைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"துளி ஈரம் இல்லை," என்றார். அவருடைய குரலில் உண்மையான கவலை இருந்தது. "அப்ப மற்றப் பக்கம்தான். சீலிங்கையும் ஒருக்கால் திறந்து பாப்பம்."

ஏணியை நகர்த்தினார். மனைவி அதைப் பிடித்துக்கொண்டார், அவர் விழுந்துவிடாமல். எனக்கு எதிரே இரண்டு பேர், இல்லாத ஒரு ஓட்டையைத் தேடி என் வீட்டின் நல்ல பாகங்களை ஒவ்வொன்றாக வெட்ட ஆயத்தமாக நின்றார்கள். இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றிருந்தால் கூரை வரைக்கும் போயிருப்பார்கள்.

"தம்பி, இறங்கும்," என்றேன். "பைப் இல்லை. நான்தான்."

"என்ன நீங்கள்தான்?"

"தண்ணி கட்டினனான்."

எலெக்ட்ரிஷன் வாளைக் கையில் பிடித்தபடி ஏணியில் நின்று என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். கோடுகளைப் பார்த்தார். அவருடைய ஊரும் யாழ்ப்பாணம். விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை. வயிறு குலுங்கத் தொடங்கியது. ரீச்சர் நிற்கிறார் என்று வாயைப் பொத்தினார். பொத்திய கைக்குள்ளால் ஒரு சத்தம் வந்தது. ஏணி ஆடியது.

மனைவி சிரிக்கவில்லை. கோபிக்கவுமில்லை. அவர் கோபித்திருந்தால் நான் பதில் வைத்திருந்தேன். சீமெந்து, ஒல்லாந்தர், எல்லாம் ஆயத்தமாக இருந்தது. அவர் ஏணியை விட்டுவிட்டு வெட்டிய சுவர்த் துண்டைக் குனிந்து எடுத்தார். அதை அந்த ஓட்டையில் வைத்துப் பொருந்துகிறதா என்று பார்த்தார்.

"நான் எல்லாருக்கும் பைப் எண்டு சொல்லிப்போட்டன்," என்றார். "இனி அது பைப்தான்."

மேலே போய்விட்டார். எலெக்ட்ரிஷன் சிரிப்பை நிறுத்தி இறங்கி, என்னைப் பார்க்காமல் வயர்களைச் சுருட்டினார்.

போர்த்துக்கேயர் திரும்பி வந்து சப்பாத்தின் நுனியால் தரையை ஒரு தட்டுத் தட்டினார். அது உதிர்ந்தது. அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். எல்லாவற்றையும் சுரண்டி வாளி வாளியாக வெளியே கொண்டுபோய், புதிதாக ஊற்றி, இந்த முறை புத்தியை என் மனைவிக்குச் சொல்லிவிட்டுப் போனார். ஜன்னல் திறக்கவும் மெஷினில் சேர்ந்த தண்ணீரை வெளியே கொட்டவும் மனைவியே போய் வந்தார். நான் கீழே இறங்குவதற்கு யாரும் தடை போடவில்லை. நானாகவே இறங்கவில்லை.

விஜயதசமி மேலே ஹோலில் நடந்தது. சோபாவைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து, சாப்பாட்டு மேசையை வெளியே தள்ளி இடம் பிடித்தோம். குத்துவிளக்கு, பூ, அவல், கடலை, சுருதிப் பெட்டி. இடம் போதாமல் சின்னப் பிள்ளைகள் சிலர் மாடிப்படிகளில் வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொரு புதுப் பிள்ளையையும் மடியோடு அணைத்து வைத்து மனைவி முதல் ஸ்வர வரிசை சொல்லிக் கொடுத்தார். மார்க்கத்துப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. மற்றவர்கள் அநேகமாக எல்லோரும் வந்திருந்தார்கள். ஒவ்வொரு தாயும் உள்ளே நுழையும்போது மனைவி எழுந்து போய், "பைப் உடைஞ்சு போச்சு, குறை நினையாதேங்கோ," என்றார். ஒவ்வொரு தாயும், "அதுக்கென்ன ரீச்சர், பைப் எண்டால் உடையும்தானே," என்றார்.

நான் வாசலில் நின்று சப்பாத்துகளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் பொருத்தமான வேலை. ஒவ்வொரு 'பைப்'புக்கும் குனிந்தேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஒரு மனுசி, எனக்காக, தன் வகுப்பு வாசலில் நின்று, தன்னைக் கும்பிட வந்த பிள்ளைகளின் தாய்மாருக்கு வரிசையாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் எனக்கு வீடு முழுக்கச் சிரிப்புத்தான் மிஞ்சியிருக்கும். சிரிப்புக்கு எனக்குப் பழக்கம் உண்டு. இதற்கு இல்லை.

எல்லாம் முடிந்து ஆட்கள் கிளம்பும்போது எலெக்ட்ரிஷனின் மனைவி மகளின் சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிந்தார். குனிந்தபடியே, உள்ளே கேட்காத குரலில், என்னிடம் சொன்னார்:

"அண்ணை, எங்கள் எல்லாருக்கும் தெரியும். இவர் அண்டைக்கே வந்து சொல்லிப்போட்டார். எங்களுக்குத் தெரியும் எண்டு ரீச்சரிட்டை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, பாவம். ஆனால் அந்தப் பைப் கதையை நிப்பாட்டச் சொல்லுங்கோ. அதைச் சொல்லேக்கை மட்டும் அவாவுக்குச் சுருதி விலகுது."